மாமா பறித்து வைத்த நாற்று

என் அம்மா வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நடவுக் காலத்தில் ஒரு ஞாயிறு மட்டும், திருவள்ளூர் தாண்டி எங்கள் ஊருக்குப் போய் மாமாவின் வயலில் நாற்று நடுவாள். ஊரில் நடவு தெரிந்த பெண்கள் எல்லாரும் எங்களைப் போலவே ஆவடி பக்கம் சேக்காட்டுக்குக் குடிவந்து கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். அம்மா கூப்பிட்டால்தான் எட்டுப் பேர் கிளம்புவார்கள்.

பள்ளியில் நான் அம்மாவை ஆபீசராக்கி வைத்திருந்தேன். ஒரு நடவு முடிந்து, சேறு காயாத புடவையோடு ஆவடி ஸ்டேஷனில் இறங்கிய அந்த ஆபீசரை என் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துத் தொலைத்தாள். ஒரு வாரம் என்னால் தலைநிமிர முடியவில்லை.

மறு வருடம், காலாண்டு லீவு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பகலில் அம்மாவின் போன் என்னிடம்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மாமா கூப்பிட்டார்.

"நாத்து முத்திக்கினு கீதும்மா. ஞாயித்துக்கெயம அம்மா ஆளுங்கள இட்டுகினு வருமான்னு கேட்டுச் சொல்லு."

நான் கேட்கவே இல்லை. மறுநாள் அவர் மறுபடி கூப்பிட்டபோது, பேச்சு முடிந்தால் போதுமென்று "வருதாம் மாமா" என்று சொல்லிவிட்டேன். அம்மா வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார் என்பது என் எண்ணம். ஞாயிறு முழுக்க கேம் விளையாடும் சாக்கில் போனைச் சத்தமில்லாமல் நானே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மாமா பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார். பதறிப்போய்ப் பேசினாள். விடியற்காலையிலேயே நாற்றைப் பறித்துக் கட்டுக்கட்டாக வரப்பில் வைத்துவிட்டு, எட்டுப் பேருக்குச் சோறும் ஆக்கிவைத்து அவர் காத்திருந்திருக்கிறார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

"பாப்பா சொல்லுச்சுண்ணா. நான்தான் மறந்துட்டேன்" என்றாள் போனில்.

திங்கட்கிழமை மற்றவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா மட்டும் ஓடினாள். ஒருத்தி எவ்வளவுதான் நட முடியும்? மிச்ச நாற்று வெயிலில் வதங்கிப்போனது. அடுத்த வருடம் மாமா அந்த வயலில், வருடா வருடம் நடவு ஆள் தேவைப்படாத சவுக்கு மரம் வைத்துவிட்டார். அம்மாவை அவர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

அடி விழாமல் தப்பித்தேன் என்று மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. மிச்சம் வளர்ந்த பிறகுதான் புரிந்தது. கம்பெனியில் அம்மா ஒருநாள் நின்றுவிட்டால் அந்த இடத்தில் இன்னொருத்தி வந்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்மா வராமல் வேலை தொடங்காது என்று அவளுக்காகக் காத்திருந்தது அந்த ஒரு வயல்தான்.

மாமாவிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பறித்த நாற்றை மறந்தவள் என்று ஊரில் இன்றும் அம்மாவுக்குத்தான் பெயர்.