சுவிசேஷமுத்து எழுதாமல் விட்ட வார்த்தை

கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரி வாசலில் இங்கிலீஷ் மனு எழுதுகிறவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் சொன்னதை எழுதுவார்கள். ஐந்தாவது ஆள் சுவிசேஷமுத்து. அவர் முதலில் கேள்வி கேட்பார். முத்திரைத்தாள் விற்கிற பூதலிங்கமாகிய நான் பன்னிரண்டு வருஷம் அவருக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் கேட்டுக் காது புளித்தவன்.

அப்படி ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் எந்தக் கிணறு என்பார். என்னிடமே அத்தனை வருஷமாகத் தாள் வாங்கியும் ஒவ்வொரு தடவையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். எனக்கு வயிறு எரியும். நானென்ன வீட்டிலா அச்சடிக்கிறேன்?

மனு கொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு ஆசை உண்டு. நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று இங்கிலீஷில் போட்டாக வேண்டும். ‘ஆஃப்டர் கேர்ஃபுல் கன்சிடரேஷன்’ என்று மற்ற நாலு பேரும் அதை உப்புப் போடுகிற மாதிரி எல்லா மனுவிலும் போட்டுவிடுவார்கள். சுவிசேஷமுத்து மாட்டார். எத்தனை நாள் யோசித்தீர், யாரோடு பேசினீர், வேண்டாம் என்று தடுத்தது யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அவர் பேனாவில் ‘கேர்ஃபுல்’ இறங்கும். இல்லாவிட்டால் வெறும் ‘டிசைடெட்’. முடிவு செய்தோம், அவ்வளவுதான். பந்தியில் கை கழுவப் போகிறவனைக் கூப்பிட்டுப் பாயசம் ஊற்றுகிற ஊரில் இப்படி ஒரு கஞ்சன்.

காரணம் இல்லாமல் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், அன்னத்தாய் என்ற விதவை தன் வயலைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவர் ஒரு மனு எழுதிக்கொடுத்தார். எழுத்து அழகாக இருக்கட்டுமே என்று அந்த வார்த்தைகளையும் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் கழித்து அவள் அழுதுகொண்டு வந்தாள், மிரட்டிக் கைநாட்டு வாங்கிவிட்டார்களாம். நன்றாக யோசித்துத்தான் கொடுத்தேன் என்று நீயே சொல்லியிருக்கிறாயே என்று கச்சேரியில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை விழுந்துவிட்டால் அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று எந்தத் துரையும் விசாரிக்கமாட்டான் என்பது அன்றைக்கு அவருக்கு ஏறிய புத்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு இங்கிலீஷ் தெரிந்தவன் எவன் மேலும் போலீசுக்கு ஒரு கண். இவ்வளவு கேள்வி கேட்கிறவன் போலீஸ் ஆளாகத்தான் இருப்பான் என்று ஊர்க்காரர்களுக்கும் ஒரு கண். இரண்டு தரப்பும் அவரைச் சந்தேகப்பட்டது. அவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டார்.

பத்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் ஞானசிகாமணி வந்தார். பாபநாசத்துக்குக் கிழக்கே, ஆற்றின் இரண்டு கரையிலும் பரந்து கிடக்கிற ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கமிட்டிக்குச் செயலாளர். கையில் ஒரு வெள்ளைத்தாள். மேலே ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் ஐந்து அங்கத்தினர் கையெழுத்து. பள்ளிக்கூடத்து ஆசிரியை கெசியா வேலையில் அசட்டை, பிள்ளைகள் வருகிறதில்லை, அவளை நீக்கிவிடக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது என்று மிஷன் துரைக்கு எழுத வேண்டுமாம்.

நடுகைக் காலத்தில் பிள்ளைகள் வயலில் கிடக்காமல் வேறு எங்கே கிடப்பார்கள்? இது எனக்கே தெரியும். கெசியா புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் இருக்கிறவள் என்பதையும் செயலாளரே சொன்னார். மாசக் கடைசிக்குள் அந்த அறையையும் காலிசெய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னார். அவருடைய அண்ணன் மருமகள் யூனிஸ் வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்பதைத்தான் சொல்லவில்லை. அதைச் சுவிசேஷமுத்து கேட்டு வாங்கினார்.

“மூணு நாளு ஜெபம் பண்ணி, நல்லா யோசிச்சு எடுத்த முடிவு வே. அதை அழுத்தி எழுதும்” என்றார் செயலாளர்.

இவர் கேள்வியை ஆரம்பித்தார். கமிட்டி என்றைக்குக் கூடியது? போன வெள்ளிக்கிழமை. ஐந்து பேரும் வந்தார்களா? வந்தார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? ஒருவரும் இல்லை.

“இதுல கையெழுத்துப் போட்டிருக்க அப்பாத்துரை அக்கரையில இருக்காரு. வெள்ளிக்கிழமை ஆத்துல கரை தெரியாம தண்ணி போச்சு, வள்ளம் விடல. அவரு எப்படி வே வந்தாரு?”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் தாளை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கிராமத்தில் அது பழைய வழக்கம். மழை பிடித்தால் அக்கரைக்காரர்கள் வாரக்கணக்கில் இந்தப் பக்கம் வர முடியாது. மாதாந்திர அறிக்கை நின்றுவிடக் கூடாதே என்று புரட்டாசியிலேயே ஐந்து பேரும் நாலைந்து வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் வருகையை எழுதி அனுப்பக் கொடுத்த தாள் அது. அதில்தான் இந்த மனிதர் ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட வந்திருக்கிறார்.

சுவிசேஷமுத்து எழுதினார். எழுதியதில் ‘கேர்ஃபுல்’ இல்லை. செயலாளருக்கு அந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடிக்கிற அளவு இங்கிலீஷ் இருந்தது. மூன்று தடவை கெஞ்சினார், சபைக்காரன் சபைக்காரனுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா என்றார், கடைசியில் உம்மைப் பற்றிப் போலீசில் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றார். இவர் அசையவில்லை. ‘டிசைடெட்’ போதும் என்று மை ஒற்றிக் கொடுத்துவிட்டார்.

செயலாளர் போன பிறகு நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். ஆளை நல்லா மடக்கினீர் என்றேன். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

“அந்தத் துரை என் எழுத்தைப் பத்து வருஷமா படிக்காரு. மத்தவன் எல்லாம் போடுத வார்த்தை இல்லன்னா, ஏன் இல்லன்னு கேட்டுப்புடுவாரு. பாரும்.”

துரை கேட்கவில்லை. ‘டிசைடெட்’ என்று படித்தார், சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டு, கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கெசியாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், வெள்ளைச் சீலை கட்டிய ஒரு அம்மாள் அந்த நகலோடு வந்து நின்றாள். கூடவே இரண்டு பெண்பிள்ளைகள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள். இந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள்தானா ஐயா என்று பையக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

சுவிசேஷமுத்து அவளைப் பாயில் உட்காரச் சொன்னார். சொல்ல வேண்டிய கதை அவரிடம் தயாராக இருந்தது. கடிதத்தில் விரலை வைத்துக் காட்டினார். இந்த இடத்தில் ஒரு வார்த்தை இருக்க வேண்டும், மூன்று தடவை கேட்டும் நான் போடவில்லை, போலீஸ் என்று மிரட்டியும் போடவில்லை, ஏனென்றால் அப்பாத்துரை வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார், கமிட்டி கூடவே இல்லை, பொய்க்கு என் பேனா வளையாது என்று ஒன்று விடாமல் சொன்னார். நானும் ஆமாம் அம்மா, நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று ஒத்து ஊதினேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அவர் சொல்லி முடித்ததும் அந்தத் தாளை மடித்தாள்.

“அப்போ, கூட்டமே நடக்கலன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

அவர் அவசரமாகப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தார். இப்போதே எழுதுகிறேன், என் பெயரிலேயே எழுதுகிறேன், வெள்ளத்தையும் வெறுந்தாளையும் போட்டு எழுதுகிறேன் என்றார். வாங்கிய தாளை வெயிலில் தூக்கிப் பார்க்கிற மனிதர், அன்றைக்கு எந்தத் தாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“இனிமே எதுக்கு ஐயா? நேத்தே யூனிஸ் வந்து சாவியை வாங்கிட்டா. நாங்க நாங்குநேரிக்கு, எங்க சித்தி வீட்டுக்குப் போறோம். வண்டி நிக்குது” என்று எழுந்தாள். பிள்ளைகளை முன்னால் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். “இவ்வளவு தூரம் இதுக்குத்தான் வந்தேன். நீங்க தெரியாம எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சா வருத்தப்படுவீங்களேன்னு, பக்குவமா சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

வண்டி போய்விட்டது. சுவிசேஷமுத்து பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தொடையைத் தட்டிச் சிரித்தவன் நான். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது?