அத்தை மிதித்த பிரேக்

சித்தூரில் என் மாமனாருக்கு வெல்ல மண்டி. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன வருஷம், சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அவர் ஒரு சின்னக் கார் வாங்கினார். வாங்கினாரே தவிர, ஸ்டீயரிங்கை ஒரு நாளும் தொட்டதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து மண்டிக்குப் போய்வருவதோடு அவருக்குச் சரி. கார் முழுக்க என் கணவரின் கையில் இருந்தது.

அவர் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. மற்ற நாட்களில் வெள்ளைச் சட்டையும் ஃபைலுமாகத் திரிகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய அரை நிக்கரை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார். இன்ஜின் ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது எல்லாம் அவரேதான். வேறொருவர் காரைத் தொட்டால் அவர் முகம் வாடிவிடும்.

அந்தக் காலத்தில் எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சண்டை இல்லை, பேச இடம் இல்லை. வீடு நிறைய ஆட்கள். பகலில் கணவரோடு நின்று பேசினால் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். தட்டில் சோறு போடும்போது "போதும்" என்பார். நான் கரண்டியை எடுத்துக்கொள்வேன். எங்கள் சம்பாஷணை அவ்வளவுதான்.

அதை மாற்றியது பிரேக்.

பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்தின் பின்புறம் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதித்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். கால் முந்திக்கொண்டால், வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் என் கொழுந்தன்தான் மிதித்தான். காலேஜில் படிக்கிற பையன். கால் பெடலில் இருந்தாலும் கண் தெருவில் இருந்தது. எத்தனை தரம் செய்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. என் கணவர் கீழேயிருந்து தலையை நீட்டி, எல்லாரும் கேட்கும்படி, "நீ எழுந்து போ. ஏம்மே, நீ வந்து ஒக்காரு" என்றார்.

நான் முறத்தோடு நடையில் நின்றிருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். பிறகு முறத்தை வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"அப்பிடியே புடி... வுடு."

"வுட்டுட்டேன்."

கல்யாணமாகி அத்தனை மாதத்தில் நாங்கள் உரக்கப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழேயிருந்து அவரும் சிரிப்பது கேட்டது. யாரும் தொண்டையைச் செருமவில்லை. வேலையல்லவா நடக்கிறது!

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவை. பெடலில் ஆரம்பித்தவள் மெல்ல மெல்லக் கீழேயும் போனேன். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அவர் கேட்குமுன் எடுத்து நீட்டப் பழகினேன். காட்பாடி ரோட்டில் அதிகாலையில் கூட்டிக்கொண்டு போய் எனக்கு ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பள வண்டி ஓட்டினா ஊர்ல இன்னா பேசுவாங்கோ?" என்றார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே நாகலாபுரத்துப் பக்கம் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்றபோது, "அவன் ஆபீசுக்குப் போயிட்டான்னா இன்னா, நீ கீறே இல்ல?" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இப்படி இருக்கையில் ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தது. தலைநகரம் கர்னூல் என்றார்கள். சித்தூர் எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று மண்டியில் தினமும் வாக்குவாதம். எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றுதான். என் கணவரைக் கர்னூலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கூடாரத்துக்குள் ஆபீஸ், கூடாரத்துக்குள்ளேயே படுக்கை, காற்றடித்தால் ஃபைலெல்லாம் பறக்கிறது என்று எழுதினார். காரை நன்றாகப் பார்த்துக்கொள் என்றும் எழுதினார். என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே காருக்குக் கிரீஸ் அடித்தேன்.

சங்கராந்திக்கு லீவில் வருவதாகவும், ரயிலில் திருப்பதிக்கு வந்து இறங்குவதாகவும் செய்தி வந்தது. அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகன் நல்லபடி வந்தால் மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். "நாமளே கார்ல போயி அவன இட்டுக்கினு, அப்பிடியே சாமியும் பாத்துட்டு வரலாம்" என்றார்.

அந்த வாரம்தான் கார் மக்கர் செய்தது. மாமாவை மண்டியில் விட்டுத் திரும்பும்போது வண்டி இழுக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது. இறங்கிச் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் தோசைக்கல் மாதிரி சூடு. பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து, பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துக் கிடந்தது.

கொழுந்தன் பெருமையோடு வந்து நின்றான். "கொறஞ்சிருந்திச்சி அண்ணி. நான்தான் இன்ஜின் ஆயில் ஊத்தி ரொப்பிட்டேன்."

 இன்ஜின் ஆயில் பட்டால் பிரேக்குக்குள் இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போகும் என்று என் கணவர் பல தடவை சொல்லியிருக்கிறார். இனி எல்லா ரப்பரையும் மாற்றியாக வேண்டும். குழாய் முழுக்கக் கழுவ வேண்டும். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அண்ணன் இல்லாத குறை தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் செய்திருந்தான். மாமா உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பண்டக தர்வாத்த சூத்தாமய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பண்டிகைக்கு அப்புறம் பார்த்து என்ன பயன்?

"பஸ்ல போலாம், வுடு" என்றார் மாமா.

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இந்த வேல தெரியுமா, தெரியாதா?"

"அவரு செய்யறப்ப கூடவே இருந்திருக்கேன் அத்தை. தனியா செஞ்சதில்ல."

"தனியா இன்னாத்துக்குச் செய்யணும்? நான் இல்ல?"

மெட்ராசுக்கு வெல்லம் ஏற்றிப் போன மண்டி லாரியின் டிரைவரிடமே சாமான்களுக்குச் சொல்லிவிட்டோம். திரும்பும்போது டிரைவர் ரப்பர்களும் ஒரு டின் பிரேக் எண்ணெயும் வாங்கி வந்தார். அத்தை மூடியைத் திறந்து முகர்ந்தார். "அட, இது வெளக்கெண்ண வாசன! இதுக்கா லாரிய மெட்ராஸ் வரைக்கும் அனுப்பிச்சே? நம்ம கொல்லையிலயே ஆமணக்கு கீதே!"

"அதுல வேற என்னென்னவோ சேத்திருக்காங்க அத்தை."

"நேத்து வரைக்கும் நம்ம ஊரு. இன்னிக்கு எண்ணெகூட வேற ராஜ்யத்திலேர்ந்து வரணும்னு ஆயிப்போச்சி" என்று டின்னை அலமாரியில் நெய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை, மாமா மண்டிக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தோம். காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கினோம். அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றி, அதன் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டிபோன்ற டிரம்மை மெதுவாகத் தட்டி இழுத்ததும், பிறை வடிவில் இரண்டு பிரேக் கட்டைகளும் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளும் தெரிந்தன. ஸ்பிரிங்கைக் கழற்ற எனக்குத் தெம்பு போதவில்லை. குறடு வழுக்கி விரலில் அடித்தது. அத்தை குறடை வாங்கி, ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். வருஷக்கணக்காக மாவாட்டிய கை அது.

"எது எங்க இருந்திச்சின்னு மறந்துட்டா இன்னா பண்ணுவே?"

"ஒரு பக்கத்த முடிச்சிட்டுத்தான் இன்னொரு பக்கத்தக் கழட்டணும் அத்தை. கழட்டாதத பாத்து கழட்டினத மாட்டிக்கலாம்."

"அதுவும் சரிதான். ரெண்டு காலுக்கும் கொலுசு போடற மாதிரி."

ரப்பரை எடுத்துப் பார்த்தால், கூழில் ஊறின அப்பளம் மாதிரி உப்பி வழவழத்துக் கிடந்தது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிய ஸ்பிரிட்டை ஊற்றிக் குழாய்களைக் கழுவினோம். கட்டைகளிலும் டிரம்மிலும் இருந்த கறுப்புத் தூளை ஈரத் துணியால் துடைத்தோம். புது ரப்பரைப் பிரேக் எண்ணெயிலேயே நனைத்து உள்ளே தள்ளினேன். மத்தியானம் சோற்றுக்கு உள்ளே போகக்கூட மனமில்லை. கொழுந்தன் தட்டில் எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்து வைத்தான். கையெல்லாம் கரியாக இருந்ததால், அத்தை ஒரு ஸ்பூனை எடுத்து எனக்கு ஊட்டிவிட்டார். "துன்னு, துன்னுட்டு செய்யி" என்றார். தனக்கும் அதே ஸ்பூன்.

கடைசியில் காற்றெடுக்கும் வேலை. அத்தை டிரைவர் சீட்டில் ஏறி, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓடாத வண்டியில் அவ்வளவு கவனமாக யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் அடியில் புகுந்தேன். திருகில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் இருந்த பாட்டிலில் விட்டேன்.

"மிதிங்க அத்தை!"

மிதித்தார். திறந்தேன். பாட்டிலில் குமிழிகள் பொங்கின.

"புடிச்சிக்கினே இருங்க அத்தை... ம்... இப்ப வுடுங்க அத்தை..."

நான் மூடுவதற்கும் சொல்லி முடிப்பதற்கும் அவர் காலை எடுப்பதற்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "புடிச்சிக்கினே இருங்க" என்பதற்குள் அவர் விட்டுவிடுவார். "வுடுங்க அத்தை" என்று முடிக்கும்வரை கால் கடுக்கிறது என்பார். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஒரு சக்கரத்துக்கே அரை டின் போய்விடும்போல் இருந்தது.

மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏம்மே, அவன் செய்யறப்ப ஒனக்கு இப்பிடியா சொல்லுவான்?"

"அவரு மிதி, வுடுன்னு சொல்லுவாரு."

"அப்ப எனக்கும் அப்பிடியே சொல்லு. இந்த 'ங்க'வும் அத்தையும் முடியறதுக்குள்ள காத்து பூந்துடுது."

"ஐயையோ, ஒங்களப் போயி எப்பிடி..."

"சொல்லுன்னா சொல்லுமே!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மிதி!"

"மிதிச்சேன்!"

"புடி... வுடு!"

"வுட்டேன்!"

அவ்வளவுதான், வேலை சூடு பிடித்தது. மிதி, மிதிச்சேன், வுடு, வுட்டேன். குமிழி குறைந்தது; பிறகு நின்றேபோனது. இரண்டாவது சக்கரம், மூன்றாவது சக்கரம் என்று போய்க்கொண்டே இருந்தோம். நடுவில் மண்டியிலிருந்து திரும்பிய மாமா வாசலில் வந்து நின்றிருக்கிறார். மருமகள் மாமியாரைப் பார்த்து "வுடு, வுடு" என்று கத்துவதைக் கேட்டுப் பதறி, "இன்னா நடக்குது இங்க?" என்றார்.

"நீ சும்மா இரு, காத்து பூந்துடும்!" என்றார் அத்தை.

நாலாவது சக்கரமும் முடிந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. அத்தை இன்னும் இரண்டு தரம் மிதித்துப் பார்த்து, "இப்ப சரியாக் கீது" என்றார், ஏதோ பிறந்ததிலிருந்து பார்த்த வேலை மாதிரி. தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்தினேன். திரும்ப ஓட்டி நிறுத்தினேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. அன்று சாயந்திரம் எத்தனை தடவை தெருவைச் சுற்றினோமோ தெரியாது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அத்தை கைதட்டினார்.

திருப்பதிக்குக் கிளம்பிய காலை, மாமா பின் சீட்டில் ஏறி முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சந்திரகிரிக்கு முன்னால் ஓர் இறக்கத்தில், வளைவைத் தாண்டியதும் ரோடு முழுக்க எருமைகள். காலை வைத்தேன். கார் ஒரு முனகல்கூட இல்லாமல், முதல் எருமைக்கு நல்ல தூரத்திலேயே நின்றது. மாமா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "நின்னுடிச்சா?" என்றார். கோட்டை மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எருமைகள் அவசரமில்லாமல் எங்களைக் கடந்து போயின. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவும் செய்தேன். ஹாரனும் அடித்தேன். எருமைகள் சட்டை செய்யவில்லை.

ஸ்டேஷன் வாசலில் டிரங்குப் பெட்டியோடு என் கணவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். வெயிலில் கறுத்திருந்தார். கார் வந்து நின்றதைப் பார்த்தவர், ஓட்டுவது யார் என்று குனிந்து பார்த்துவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றார். அத்தை அவர் பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. ரப்பர், ஸ்பிரிட், குமிழி, எருமை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

என் கணவர் பெட்டியை வைத்துவிட்டுக் காரைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் சரியில்லை என்று அர்த்தம். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நாலும் ஒரே மாதிரி கீது" என்றார், என் ஜன்னலுக்கு வந்து. பிறகு, அப்பா அம்மா இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கரி பட்ட கையை என் தோளில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவும் இல்லை. "இன்னா வாங்கித் தர்றது ஒனக்கு?"

"மொதல்ல காபி" என்றேன்.

அவர் டிரைவர் சீட்டுப் பக்கக் கதவைத் திறக்கப் போனார். அத்தை கையை நீட்டித் தடுத்தார். "நீ ராத்திரியெல்லாம் ரயில்ல தூங்காம வந்தவன். பின்னாடி நைனா பக்கத்துல ஒக்காரு."

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். பரிமாற வந்தவர் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்துவிட்டு, டிரைவருக்கும் டிபன் வெளியே கொடுத்தனுப்ப வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார். "டிரைவரு எக்கடம்மா?"

இவள்தான் டிரைவர், எங்கள் மருமகள் என்று அத்தை என்னைக் காட்டினார். "ஈமே டிரைவரு. மா கோடலு."

பரிமாற வந்தவர் என்னைப் பார்த்தார். காரின் கரி ஒட்டியிருந்த என் நகங்களைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எல்லாருக்கும் இரண்டிரண்டு இட்லி வைத்தவர், எனக்கு மட்டும் மூன்றாவது ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.