தென்பெண்ணையில் ஒரு பாம்புத்தாரா

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டோம். ஓட்டியவர் ஷமீம் அக்கா. திருவண்ணாமலை கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர், பல வருடங்களாக என் சிநேகிதி. நான் கலெக்டர் அலுவலகச் சாலையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தென்பெண்ணையில் பரிசலில் போய்ப் பறவைகளையும், கரையோரம் நிற்கும் ஒரு நடுகல்லையும் பார்த்து வருவது எங்கள் திட்டம்.

ஒரே சிக்கல், அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளத்தில் இரண்டாவது படிக்குக் கீழே இறங்கமாட்டார். தண்ணீரைப் பார்க்கமாட்டேன், கல்லை மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

தண்டராம்பட்டில் நிறுத்தி டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து சாலையின் இரண்டு பக்கமும் கரும்பும், மணிலா என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையும். சாத்தனூர் அணையின் நீர்ப்பரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் வண்டி நின்றபோது மீட்டர் முப்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது. மணி ஏழு.

பரிசல்காரர் முருகேசன் காத்திருந்தார். மீன் பிடிப்பதுதான் அவர் தொழில். தெரிந்தவர்கள் கேட்டால் இரண்டு மணி நேரம் ஆற்றைச் சுற்றிக் காட்டுவார், ஐந்நூறு ரூபாய். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டுத்தான் ஏற விட்டார். அக்கா நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார்.

ஏழரைக்கு வெயில் தண்ணீரில் இறங்கியது. காய்ந்த மரமொன்றில் நீர்க்காகங்கள் வரிசையாகச் சிறகு உலர்த்தின. நீலமும் செம்பழுப்புமாக ஒரு மீன்கொத்தி எங்கள் தலைக்கு மேலே பறந்தது. மணல்திட்டில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தது. நான் விரலை நீட்டினேன். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

எட்டு மணிக்குக் கரையேறினோம். வேலமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் நடுகல். ஊர் மாடுகளை ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரன் என்று முருகேசன் சொன்னார். கையில் வில், மார்பில் அம்புகள், காலடியில் ஒரு மாடு. மேலே இருந்த வட்டெழுத்தை எங்களால் படிக்க முடியவில்லை. அக்கா அந்த வீரனின் இடுப்புத் துணியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது மடிப்பு, எல்லாம் ஒரே அளவு, செதுக்கியவருக்கு நல்ல கை என்றார். எத்தனையோ தடவை வந்தும் அந்த மடிப்பை எண்ணியதில்லை என்று முருகேசன் ஒத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. வலை மிதவைகளுக்கு நடுவே தண்ணீர் படபடவென்று அடித்துக்கொண்டது. நெருங்கிப் பார்த்தால் ஒரு பாம்புத்தாரா. நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே பாம்புபோலத் தெரியும் கறுப்புப் பறவை. நைலான் நரம்பு வலை சிறகிலும் கழுத்திலும் சுற்றி இறுகியிருந்தது. மணல்திட்டைப் பார்த்தேன். அங்கே முதலை இல்லை.

"அது நம்மகிட்ட வராதும்மா. சத்தம் கேட்டு இதுக்குத்தான் வருது" என்று முருகேசன் துடுப்பை வேகமாகப் போட்டார். வலை அவருடைய மச்சானுடையது. அறுத்தால் வீட்டில் பேச்சு வரும், பரவாயில்லை என்று கத்தியை எடுத்தார்.

"கத்தி வேணாங்க. நரம்பு இன்னும் இறுகிடும். வலைய எங்கிட்ட குடுங்க" என்றார் அக்கா.

விளிம்பிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்திருந்தார்.

முருகேசன் தன் துண்டைப் பறவையின் தலையில் போட்டு மூடினார். அதன் அலகு குத்தூசி மாதிரி, கண்ணைக் குறிவைக்கும் என்றார். நான் உடம்பை அணைத்துப் பிடித்தேன். ஈரச் சிறகுக்குள் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்தது. அக்கா குனிந்து ஒவ்வொரு இழையாகத் தூக்கி, நகத்தால் முடிச்சைத் தளர்த்தி, சிறகிலிருந்து உருவினார். பரிசல் ஒருபக்கம் சாய்ந்தது. தண்ணீர் அவர் முழங்கைவரை ஏறியது. இருபதடி தூரத்தில் இரண்டு கண்கள் மேலே வந்து நின்றன. முருகேசன் துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்தார். அக்கா நிமிரவே இல்லை.

"கழுத்துல ஒண்ணுதான் பாக்கி. ஆட்டாத புடிச்சுக்கோ கலா" என்றார்.

கடைசி இழை கழன்றது. பாறையருகே கொண்டுபோய்த் துண்டை எடுத்தோம். பறவை தத்தி ஏறி, சிறகை முழுதாக விரித்து வெயிலில் நின்றது. இறகின் வெள்ளிக் கோடுகள் மின்னின. பத்து நிமிடம் அப்படியே உலர்த்தியது. பிறகு அது தாழ்வாகப் பறந்து அக்கரைக்குப் போனது. வலையில் ஒரு கண்ணிகூட அறவில்லை. அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார்.

பதினொன்றரைக்கு ஊர் எல்லையை நெருங்கினோம். எதிரே மலை. எங்கள் ஊருக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். கோயிலுக்கும் கிரிவலப் பாதைக்கும் வழி சொல்லியே பழகியவர்கள் நாங்கள். அன்று காலைதான் நாங்களும் ஒரு இடத்துக்குப் போய்வந்தவர்களாக, ஈர உடையும் மீன் வாசனையுமாகத் திரும்பினோம்.

சாலையோரம் ஒரு வெளியூர் வேன். கோயில் பார்த்தாயிற்று, இன்னும் பார்க்க என்ன இருக்கிறது என்று அதிலிருந்த பெண்மணி கேட்டார். அக்கா வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டும் போட்டார். ஆற்றையும் கல்லையும் முதலையையும் சொல்லி முடித்துப் பறவைக்கு வந்தார். எவ்வளவு பெரிசு என்று அந்தம்மா கேட்க, அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்த அளவில் அது மயிலைவிடப் பெரிய பறவை.

நான் திருத்தவில்லை.