மடியில் சீனியோடு லைப்சிக் போன கதை

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து லைப்சிக் போனேன். ஐந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். விரைவு ரயில் இல்லை, நின்று நின்று போகிற சாதாரண ரயில். ஒரு இடத்தில் மாற வேண்டும். நேர அட்டவணைப்படி ஏழேகால் மணித்தியாலம். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுகிற என் வயது ஆட்கள் பலர் இந்தப் பாதையில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஊர் பார்த்த கதை வேண்டுமென்றால் வேறு ஆளிடம் கேளுங்கள். லைப்சிக்கில் நான் கண்டது ஸ்டேஷன் மட்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்ல, மேல்மாடியில் இருக்கும் இராசு இணையத்தில் இருக்கிற தன்னுடைய பயணப் பக்கத்தில் எழுதிப் போடுகிறார். இடையில் இரண்டு தரம், "அண்ணை, இதையும் போடத்தான் வேணுமோ?" என்று கேட்டார். போடத்தான் வேணும் என்றேன். வாசிக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் தலையில்தான் வைத்திருக்க வேண்டும். எனக்கு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மறக்க நினைத்ததும் இருக்கிறது.

லைப்சிக்கில் இருப்பது என் மகள் தர்ஷினி. பதினொரு வருடமாக என்னோடு கதைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான். குடிகாரனாக இருந்தேன். அவளுடைய தாயின் செத்தவீட்டுக்கும் குடித்துவிட்டுத்தான் போய் நின்றேன். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால், "இனி என்ர கண்ணில படாதேங்கோ" என்றாள். அடுத்த நாளிலிருந்து நான் ஒரு சொட்டும் தொடவில்லை. அதை யாரும் நம்புவதில்லை. குடித்ததைச் சனம் எல்லாம் பார்த்தது. குடிக்காமல் இருந்ததை அறைக்குள் இருந்த நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஆவணி மாதம் போனில் அவளுடைய குரல் பதிவாகி வந்தது. முப்பத்தொரு விநாடி. "அப்பா, நேத்ரா அம்மப்பா ஆர் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வாங்கோ. ஸ்டேஷனில ஒரு மணித்தியாலம் நிப்பம். வீட்டுக்கு வாறதைப் பிறகு பாப்பம். குடிச்சிருந்தா, கண்ட இடத்திலயே திரும்பிப் போயிடுவன்." நேத்ரா என் பேத்தி. நாலு வயது. நான் அதுவரை அவளைக் கண்டதில்லை.

வெறுங்கையோடு போக முடியுமா? எங்கள் தெருவில் ஒரு அக்கா பலகாரம் செய்து கொடுப்பார். இருபத்தைந்து பயத்தம் உருண்டையும் இருபத்தைந்து அரியதரமும் சொல்லி வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி வாங்கினேன். கட்டை இறுக்கிப் போடச் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தர்ஷினிக்கு எட்டு வயதாகும்போது பிறந்தநாள் கேக் வாங்கப் போனேன். வாங்கினேன். வரும் வழியில் சிநேகிதர்களோடு குடிக்க உட்கார்ந்து, கேக்கையே கடித்துக் கொறித்துத் தின்றோம். மிச்சப் பாதியை அந்தப் பெட்டியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். பிள்ளை ரோஸ் சட்டையோடு இருந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடி வைத்தாள். ஆகவே இந்தப் பெட்டி, அந்த அக்கா போட்ட கட்டோடு, அவளுடைய கையில் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன். அது போக, இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகிற பலகாரத்தை வழியில் பிரித்துக் கை வைக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இனிப் பயணம். விடிய ஐந்தரைக்கு ஊசி போட்டேன். ஊசிப் பேனையைத் திருப்பும்போது டிக் டிக் என்று கேட்கும். எனக்குப் பதினெட்டு டிக். பதினெட்டும் போட்டேன். இரண்டு துண்டு பாணும் சீனி போடாத தேத்தண்ணியும்தான் இறங்கியது. மனம் நிறையப் பயம் இருந்தால் வயிற்றில் இடம் இருக்காது. வழியில் சாப்பிட இடியப்பமும் சம்பலும் கட்டி ஒரு பையில் வைத்தேன். புதுக் கோட்டுப் போட்டேன். பழைய கோட்டில் சமையல் மணம், இருபத்தொன்பது வருடம் ஹோட்டல் குசினியில் நின்ற மணம், எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. டொக்டர் எப்போதும் கையில் வைத்திருக்கச் சொன்ன குளுக்கோஸ் வில்லை அந்தப் பழைய கோட்டுப் பைக்குள் இருந்தது. அதோடு ஆணியில் தொங்கியது.

டிக்கெட்டுக்குத் தனியாக ஒன்றும் கட்டவில்லை. ஜெர்மனி முழுக்கச் சாதாரண ரயிலில் போகிற மாதச் சீட்டு இருக்கிறது, அந்த நேரம் 58 யூரோ. ஸ்டுட்கார்ட்டில் 7.06க்கு ஏறினேன். நியூர்ன்பெர்க்கில் 9.40க்கு இறங்கியிருக்க வேண்டும், 9.58 ஆகிவிட்டது. அடுத்த ரயில் 10.05. ஏழு நிமிடத்தில் படி இறங்கி, படி ஏறி, பலகாரப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஏறி இருந்த பிறகுதான் தெரிந்தது, இடியப்பப் பை முந்திய ரயிலில் தலைக்கு மேலே உள்ள தட்டிலேயே போய்விட்டது. இரண்டு கையும் பெட்டியில் இருந்தால் மற்றதை யார் தூக்குவது?

எர்லாங்கனில் ஒரு இந்தியப் பொடியன் சைக்கிளோடு ஏறினான். நல்ல கலகலப்பான ஆள். பெட்டியைப் பார்த்தான்.

"அங்கிள், ஸ்வீட் பாக்ஸா? ஸ்மெல்லே சூப்பரா இருக்கே. ஒண்ணே ஒண்ணு டேஸ்ட் பாக்கலாமா?"

"பேத்திக்குத் தம்பி. கட்டு அவிழ்க்க ஏலாது."

"அப்போ பேத்திக்கு நான் ஒரு லெட்டர் எழுதித் தர்றேன், 'ஒரு அங்கிள் சாப்பிட்டுட்டார், சாரி'ன்னு."

"எழுதித் தந்தாலும் நான் வாசிக்க மாட்டன். பேத்தியும் வாசிக்க மாட்டாள்."

சிரித்துக்கொண்டே பாம்பெர்க்கில் இறங்கிப் போனான். அந்த நேரம் அவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தால் கட்டு அவிழ்ந்திருக்கும். அவனை இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த ரயிலில் சாப்பாடு விற்கிற இடம் கிடையாது. நினைவில் வையுங்கள். ஸால்ஃபெல்டில் கால்பந்து பார்க்கப் போகிற பத்துப் பன்னிரண்டு பேர் பியர்ப் பெட்டிகளோடு ஏறி, என்னைச் சுற்றி இருந்தார்கள். ஸால்ஃபெல்ட் தாண்டி வயல்வெளியில் ரயில் ஐம்பத்தைந்து நிமிடம் நின்றது. தண்டவாளத்தில் ஏதோ வேலை என்றார்கள். பிந்தும் என்று தர்ஷினிக்குக் குரல் அனுப்பினேன். "ஓம். நிக்கிறம்" என்று வந்தது. இரண்டே சொல்லுத்தான், ஆனால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

யேனாவில் ஒரு ஸ்டேஷனுக்குப் 'பரடீஸ்' என்று பெயர். சொர்க்கமாம். மணி ஒன்று நாற்பது. அங்கேதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. விரலில் குத்திப் பார்த்தேன். அறுபத்தாறு. எழுபதுக்குக் கீழே போனால் யோசிக்காமல் சீனி போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடமாகத் தெரியும். கோட்டுப் பைக்குள் கை விட்டேன். புதுப் பை, வெறும் பை.

மடியில் ஐம்பது பலகாரம் இருந்தது. முழுக்கச் சீனியும் சர்க்கரையும். நான் நூலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முன்னால் இருந்த ஒருவன், "ஓப்பா, முகம் சரியில்லை. ஒரு பியர் குடிக்கிறீரா?" என்று ஜெர்மனில் கேட்டான். ஓப்பா என்றால் தாத்தா. பகிடிக்கு இல்லை, உண்மையான கரிசனையோடுதான் கேட்டான். வேண்டாம் என்றேன். இனிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். நடுங்குகிற கையோடு ஒரு கறுத்தக் கிழவன் சாப்பாடு கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நானே அவர்களுக்குப் பதிலாக நினைத்து முடித்துவிட்டேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.

நவும்பூர்க்கில் இறங்கி வாங்கியிருக்கலாம். ஆனால் அடுத்த ரயில் இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. மகள் தந்தது ஒரு மணித்தியாலம். இன்னும் ஒரு மணித்தியாலம்தானே, தாங்கலாம் என்று இருந்துவிட்டேன். பெட்டியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. வேர்வை சட்டையைத் தாண்டிப் புதுக் கோட்டுக்கு வந்ததும் நினைவிருக்கிறது.

லைப்சிக்கில் 3.20க்கு இறங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். குடித்த காலத்தில்கூட எனக்கு எதுவும் மறந்ததில்லை, அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. என் வாழ்க்கையில் ஓட்டை விழுந்த இருபது நிமிடம் இதுதான்.

மேடையின் முடிவில் அவள் நின்றாள். பக்கத்தில் மஞ்சள் ஜாக்கெட்டோடு ஒரு குட்டி. கால் நேராகப் போகவில்லை. கிட்டப் போனதும் குட்டி, "அம்மா, அம்மப்பா ஏன் நனைஞ்சிருக்கிறார்?" என்று கேட்டது. நான் பதில் சொன்னேன். வாய்க்குள் நாக்குப் புரளவில்லை, எனக்கே விளங்காத சத்தம் வந்தது.

"அப்பா, என்ன இது? பியர் மணக்குது."

அதற்கும் ஏதோ சொன்னேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது, ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மஞ்சள் ஜாக்கெட் இல்லை.

அடுத்து நினைவில் இருப்பது ஆட்கள் உட்காருகிற ஒரு வாங்கும் கோலாப் போத்தலும். ஸ்டேஷனில் பாண் விற்கிற கடையிலிருந்து ஒரு ஜெர்மன் மனிசி வெளியே வந்து என்னைப் பிடித்து இருத்தியிருந்தார். புருசனுக்கும் இதே வருத்தமாம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். என் மெஷினை எடுத்து அவரே குத்திப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு. எங்கட பக்கக் கணக்கில இரண்டு தசம் ஒன்று. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா விழுந்திருப்பீர்" என்றார். நான் தமிழில் சொல்கிறேன், அவர் சொன்னது ஜெர்மனில். அரைப் போத்தல் கோலா, பதினைந்து நிமிடம், அதற்குப் பிறகு ஒரு பன். சூரியன் வந்தது போல உலகம் திரும்பி வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

"மடியில என்ன பெட்டி?" என்று கேட்டார்.

"இனிப்பு. பேத்திக்கு."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முழுக்க இனிப்போ? ரயில் முழுக்க இது உம்மட மடியில இருந்ததோ?"

ஓம் என்றேன். கடைக்கு ஆள் வர, அவர் போய்விட்டார்.

மகளுக்குப் போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. முப்பத்தெட்டு என்று காட்டிய மெஷினைப் படம் எடுத்து அனுப்பினேன். குடிக்கவில்லை, சீனி இறங்கிவிட்டது என்று குரல் அனுப்பினேன். ஐந்தரை மணி வரை அதே வாங்கில் இருந்தேன். ஒவ்வொரு மஞ்சள் நிறத்துக்கும் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு ரயில் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய குரல் வந்தது. இருபத்திரண்டு விநாடி. அப்படியே சொல்கிறேன்: "அப்பா, குடிக்கேல்லை எண்டு நம்புறன். ஆசுப்பத்திரியில வேலை செய்யிற என்ர சிநேகிதியிட்டயும் கேட்டன். ஆனா நேத்ரா பெட்டியைத் தொட வரேக்க 'தொடாதை' எண்டு கத்தி, அவளின்ர கையில அடிச்சனீங்கள். அது சீனியோ குடியோ எனக்கு வித்தியாசம் இல்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரிஞ்ச சத்தம். அவளுக்கு அது தெரிய வேண்டாம்."

அடித்தது எனக்கு நினைவில்லை. நினைவிருந்தால் நல்லது என்று முதல் தடவையாக ஒன்றைப் பற்றி நினைக்கிறேன்.

இராசு இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "மகள் ஒருநாள் மனம் மாறுவா அண்ணை" என்றார். மாறலாம். அதை எழுத வேண்டாம், பயணக்காரர்களுக்கு உபயோகமானதை எழுதும் என்றேன். ஆகவே எழுதுகிறார்.

ஊசி போட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். பயமாக இருந்தாலும் சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் வில்லையைக் கோட்டில் வைக்காதேங்கோ. கோட்டு மாறும். மாதச் சீட்டு வைத்திருக்கிற உறைக்குள் வையுங்கள், அது இல்லாமல் நீங்கள் ரயில் ஏற மாட்டீர்கள். நியூர்ன்பெர்க்கில் ஏழு நிமிட மாற்றத்தை நம்பாதேங்கோ, அடுத்த ரயிலைப் பிடியுங்கள், இரண்டு மணித்தியாலம் பிந்தினாலும் ஆளாகப் போய்ச் சேருவீர்கள். கிழக்குப் பக்கம் சீனியைத் தசமத்தில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைப் பதினெட்டால் பெருக்கினால் எங்கள் கணக்கு வரும். கை நடுங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். வெட்கம் எல்லாம் சீனி நூறுக்கு மேல் இருக்கும்போது படலாம்.

கடைசியாக ஒன்று. நான் திரும்பி வரும்போது நவும்பூர்க் தாண்டியதும் அந்தக் கட்டை அவிழ்த்தேன். நல்ல இறுக்கம், பல்லால் கடித்துத்தான் அறுத்தேன். ஒரு பயத்தம் உருண்டை தின்றேன். மிச்சம் நாற்பத்தொன்பதும் ஸ்டுட்கார்ட் வந்தது.

பேரப்பிள்ளைக்குப் பலகாரம் கொண்டு போகிறவர்கள் கட்டை வீட்டிலேயே அவிழ்த்துவிடுங்கள். வழியில் வேண்டியதை எடுத்துத் தின்னுங்கள். நாலு வயதுப் பிள்ளை பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காது. ஒன்று குறைந்தால் அதற்குத் தெரியாது. கையில் அடி விழுந்தால் தெரியும்.