அக்காவுக்குக் கலந்து கொடுத்த எண்ணெய்

தொண்ணூறுகளில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணவரை இழந்த என் அக்கா கரமனை வீட்டில் என்னோடு இருந்தாள். நெடுநாள் வயிற்றுக்கோளாறுக்குப் பிறகு, அந்தி சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரியாமல் போயிற்று. வைட்டமின் ஏ குறைவு என்றார் டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையின் மேலுறை மாட்டெலும்பிலிருந்து வருவது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அக்கா அதைத் தொடவில்லை.

"கண்ணு போனா போகட்டும்டா. இத்தனை வருஷ ஆசாரம் போகப்படாது."

நான் வைட்டமின் ஏ நிறைந்த சுறாமீன் ஈரல் எண்ணெய் வாங்கி வந்தேன். பாதாம் எண்ணெய் என்று அவளிடம் சொன்னேன். வேறு வழி இருக்கிறதா என்று தேடவேயில்லை.

கருவேலம் பிசினைப் பொடித்து, ஈரமில்லாத மருந்தரைக்கும் கல்வத்தில் எண்ணெயோடு குழைத்து, தண்ணீரை ஒரே தடவையில் விட்டு, நிறுத்தாமல் அரைக்க வேண்டும். குழவியடியில் சடசடவென்று சத்தம் வரும்போது கலவை பால்போல வெளுத்திருக்கும். துளித்துளியான எண்ணெயைப் பிசின் போர்த்திக்கொள்ளும். மிச்ச மீன் வாடையை மறைக்கச் சர்க்கரைப்பாகும் ஆரஞ்சுத் தைலமும் சேர்த்தேன்.

"பால்பாயசம் தோத்தது போ! ஒரு ஏலக்காயும் போட்டா உன்னைக் கல்யாணச் சமையலுக்கே அனுப்பலாம்" என்று சிரித்தாள்.

சில வாரங்களில் பார்வை தெளிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த புட்டியில் ஏலக்காய் எசென்ஸைத் தாராளமாக விட்டேன். அது ஆல்கஹாலில் கரைத்தது. ஆல்கஹால் கூடினால் பிசின் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும் என்று வருஷாவருஷம் மாணவர்களுக்குச் சொல்லித்தந்தவன் நான்.

காலையில் அக்கா புட்டியைத் திறந்தபோது எண்ணெய் மஞ்சளாக மேலே நின்றது. முகர்ந்து பார்த்தாள். மீன் சந்தைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவள்.

"என்னடா இது?"

உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பேன். அதனாலதானே கேக்கலை?"

"ஆமாம்க்கா."

"என் கண்ணுடா அது."

அதற்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் நான் மோர் கொடுத்தால்கூட, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுத்தான் வாங்குவாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வெறும் பழக்கமாகக் கேட்டாள்.

சில ஆண்டுகள் கழித்து, ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி நாட்களில், ஒரு கரண்டி தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன்.

"வெறும் தண்ணிதான்க்கா."

அவள் என்னைத் தாண்டி நர்ஸைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.