முடிச்சை விடாத பிள்ளை

தையல் கம்பெனிப் பெண்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவள் அவள். எல்லோருக்கும் ஆயா. மதிய இடைவேளையில் பிள்ளைகளைக் கம்பெனி வாசலுக்குக் கூட்டிப்போய்த் தாய்மார் கண்ணில் காட்டி வருவாள். நீளக் கயிற்றில் முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்து நடக்க வேண்டும். முடிச்சை விட்டால் அன்றைக்குக் கதை கிடையாது. அவளிடம் இருந்த கண்டிப்பு அது ஒன்றுதான்.

எப்போதும் போவது ஒடுக்கமான சந்து வழி. வீட்டுக்கு வீடு கொடி படர்ந்து, உச்சி வெயிலையும் வடிகட்டித்தான் உள்ளே விடும். அன்று சந்தின் வாயில் பள்ளம் தோண்டி அடைத்திருந்தார்கள்.

"பெரிய ரோட்டுல போங்கம்மா. லாரியே போகுது, உங்க பட்டாளம் போகாதா?" என்றான் பள்ளம் தோண்டியவன்.

"லாரிக்குக் கால் சுடாதே தம்பி," என்று சிரித்துவிட்டுப் பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

அந்தச் சாலையை அகலமாக்கியபோது மரங்களை வெட்டியிருந்தார்கள். பாதி தூரம் வந்தாகிவிட்டது. தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. கண்ணாடிக் கட்டடம் ஒன்று வெயிலை வாங்கி முகத்தில் அடித்தது. ஒதுங்கக் குடையளவு நிழல் இல்லை. திரும்பினாலும் அதே தூரம்.

கயிற்றின் கடைசியில் வருபவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாத பிள்ளை.

"என்ன ரேடியோ, இன்னைக்குப் பாட்டு இல்லையா?"

சத்தமே இல்லை. ஆயா திரும்பினாள். பிள்ளையின் முகம் சிவந்து காய்ந்திருந்தது. கண் எங்கோ சொருகியது.

வாரித் தூக்கினாள். உடம்பு கொதித்தது. ஆண்டவனே, பெத்தவளுக்கு என்ன பதில் சொல்வேன்!

"கயிறை விடாதீங்க கண்ணுங்களா, ஓடி வாங்க!"

ஓர் அலுவலகத்தின் கேட்டுக்கு உள்ளே ஒற்றை மரம் தெரிந்தது. காவலாளி குறுக்கே வந்தார்.

"உள்ள விடக் கூடாதும்மா."

"அப்புறமா திட்டுங்கண்ணே. முதல்ல தண்ணி குடுங்க!"

பிள்ளையைப் பார்த்ததும் அவர் கேட்டைத் திறந்து தன் பாட்டிலை நீட்டினார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். ஆயா முந்தானையை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினாள். உதடு ஜெபத்தை முணுமுணுத்தது. மற்ற பிள்ளைகள் மரத்தடியில் அழக்கூட மறந்து நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன வாய் அசைந்தது.

"ஆயா... நான் விடவே இல்ல. கதை உண்டுல்ல?"

அப்போதுதான் பார்த்தாள். முடிச்சு இன்னும் அந்தக் கைக்குள் இருந்தது.

"உண்டுடா தங்கம். விட்டுடு, விட்டுடு," என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சூடு இன்னும் இறங்கவில்லை, ஆம்புலன்சும் வரவில்லை. தூரத்தில் மதிய இடைவேளைக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. தாய்மார் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.