சீமை பல்பு

கொடைக்கானல் பஜாரில் ஒலியுல்லா கடை போட்டது ஐம்பத்து நான்காம் வருஷம். பலகை எழுதிய பெயின்டர் ‘லி’ வர வேண்டிய இடத்தில் ‘ளி’ போட்டுவிட்டு, திருத்தி எழுதத் தனிக் கூலி கேட்டார். “ஒளின்னே இருக்கட்டுங்க. லைட்டுக் கடைதானே” என்று முடிவு சொன்னவள் அவர் மனைவி ஃபக்ருன்னிசா. அன்றிலிருந்து மலை முழுக்க அவர் ஒளியுல்லா ஆனார். சொந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டது பள்ளிவாசலும் தபால்காரரும் மட்டும்தான்.

டார்ச் லைட், இஸ்திரிப் பெட்டி, ஊரைக் காலி செய்து போன துரைமார்களின் ரேடியோ, இவைதான் அப்போது அவருக்குத் தொழில். வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. அவரை ஹெட்லைட் பக்கம் தள்ளிவிட்டது ஐம்பத்தாறு ஐப்பசியில் ஒரு சாயங்காலம்.

வத்தலக்குண்டில் டார்ச் செல் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, சேனாதிபதியின் லாரியில் மலையேறிக்கொண்டிருந்தார். சேனாதிபதி பூண்டுக் குடோன் முதலாளி. பூண்டி கிராமத்திலிருந்து பொதிக்குதிரைகளில் வரும் பூண்டை வாங்கிக் கீழே அனுப்புவார். திரும்பி வரும் லாரியில் அரிசியும் உப்பும் ஏறும். லாரியை ஓட்டியவர் நல்லுசாமி, அந்தப் பாதையில் பன்னிரண்டு வருஷம் பழகியவர். லாரி உலக யுத்தத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது. அதன் விளக்குகள் எரிகின்றனவா என்று தெரிந்துகொள்ள இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்.

டம்டம் பாறையைத் தாண்டிய ஒரு வளைவில் எதிரே ஒரு கார் இறங்கி வந்தது. அதன் வெளிச்சம் ரோட்டில் விழாமல் நேராக வந்து லாரியின் கண்ணாடியில் அப்பியது. நல்லுசாமி தன் வழக்கப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்த கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமாக ஒடித்தார். லாரி வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. பின்னால் கிடந்த செல் பெட்டியின் மேல் இரண்டு அரிசி மூட்டைகள் உட்கார்ந்ததோடு சரி.

கார்க்காரர் நல்ல மனிதர். வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, அக்கறையோடு விசாரித்தார். “என்ன டிரைவர், உங்க லைட்டு இவ்வளவு டல்லா இருக்கே! இப்படி ஓட்டினா ஆபத்து இல்லையா?”

அவர் போன பிறகு நல்லுசாமி வாய்க்காலில் நின்றபடி சொன்னார். “பாய், எனக்கு ஒரு லைட்டு போட்டுக் குடுங்க. அந்தாளு கண்ணு அவிஞ்சு போகணும். அடுத்த தடவை வாய்க்கால்ல அவன் கெடக்கணும்.”

அந்தப் பழிவாங்கல் வேலையைத்தான் ஒலியுல்லா ஒப்புக்கொண்டார். ஆனால் லாரி விளக்கைக் கழற்றிப் போட்டு ஒரு வாரம் பார்த்தபோது, பல்பு மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தது. பேட்டரியில் கிளம்பும் கரண்டு, நூல் சுற்றிய மெல்லிய ஒயரில் சுற்றிச் சுற்றி வருவதற்குள் பாதி செத்துவிடுகிறது. மட்கார்டில் எர்த் பிடிக்கிற இடம் துரு. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய வெள்ளிக் கிண்ணம் மங்கிக் கிடக்கிறது. விளக்கு மூஞ்சியோ, மரத்தில் குருவி தேடுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. காலால் மிதித்து வெளிச்சத்தைத் தாழ்த்தும் டிம் சுவிட்ச், யுத்தம் முடிந்த நாளிலிருந்து அசையவில்லை.

எல்லாவற்றையும் சரி செய்தார். கனமான ஒயர் இழுத்தார். துருவைச் சுரண்டினார். கிண்ணத்தைத் துடைக்க எது போட்டாலும் கீறல் விழுந்தது. கடைசியில் ஃபக்ருன்னிசா அரிக்கேன் சிம்னியில் படிந்த புகைக்கரியைப் பழைய மல்துணியில் தொட்டுக் கொடுத்தாள். கரியைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கிண்ணம் பளபளத்தது.

விளக்கு மூஞ்சியைத் தாழ்த்துவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை. லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, இருபத்தைந்து அடி தள்ளி ஒரு சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலில் சுவர் இருந்த இடத்தில் சமதளம் இல்லை, சமதளம் இருந்த இடத்தில் ஏரி இருந்தது. இரண்டும் சேர்ந்து அமைந்த ஒரே இடம் சேனாதிபதியின் குடோன் வாசல். அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் இடப்பக்கமாகவும் விழும்படி திருகினார்.

மறுநாள் நல்லுசாமி வந்து, “பாய், ரோட்ல கெடக்கிற கல்லு, குழி, அம்புட்டும் தெரியுது. எதிர்ல வந்த பஸ்காரன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறான்” என்றார். கும்பிடு வாங்கியதில் அவருக்குப் பழிவாங்கும் எண்ணம் மறந்துவிட்டது.

ஒலியுல்லாவுக்கும் அதில் ஒரு வெறி வந்துவிட்டது. மலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் இப்படிச் செய்துவிட்டால் ஒருவரும் வாய்க்காலில் விழ வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டார். ஆனால் கடைக்கு வந்த டிரைவர்களுக்கு ஒயரையும் துருவையும் விளக்கிச் சொன்னால், கொட்டாவி விட்டார்கள். “பல்பு என்ன பவரு பாய்?” என்று மட்டும் கேட்டார்கள். பழைய பல்புதான் என்றதும் எழுந்து போனார்கள். ஒரு மாதத்தில் ஒரு வண்டிகூட வரவில்லை.

ஃபக்ருன்னிசா பழனி அடிவாரத்தில் யாத்திரைக்காரர்களுக்கு வளையலும் சீப்பும் விற்ற குடும்பத்துப் பெண். “ஒயருக்கு எவன் காசு குடுப்பான்? அது உள்ளே கெடக்கு, யாரு கண்ணுக்கும் தெரியாது. பல்பைக் காட்டுங்க” என்றாள்.

“வேற பல்பு ஏது நம்மகிட்ட?”

“அவுக வண்டியில கழட்டுறதுதான். சாம்பல் போட்டு நல்லாக் கழுவி, பஞ்சுல சுத்தி, இந்தாங்க, இந்த டப்பாவுல வைங்க.” துரைசானி ஒருத்தி எப்போதோ கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் பிஸ்கட் டப்பாவை நீட்டினாள்.

“பொய்யில்ல அது?”

“நீங்க எதையும் சொல்ல வேணாம். டப்பாவை மட்டும் திறங்க. சொல்றதை அவுகளே சொல்லிக்குவாக.”

அப்படியே நடந்தது. அவர் டப்பாவைத் திறப்பார். பஞ்சைப் பிரிப்பார். டிரைவர் மூச்சை அடக்கிக்கொண்டு, “சீமை பல்பா பாய்?” என்பார். ஒலியுல்லா பதில் சொல்லாமல் ஸ்குரூடிரைவரை எடுப்பார். பல்புக்கென்று காலணா வாங்கியதில்லை, வேலைக்கு மட்டும்தான் கூலி. ஆறு மாதத்தில் மலைமேல் இருந்த பாதி லாரிகளுக்கும் இரண்டு டாக்சிகளுக்கும் அவரவர் பல்பே சீமையிலிருந்து வந்து சேர்ந்தது. முதலில் சரி செய்த நல்லுசாமியின் லாரி பல்பும் பிறகு டப்பாவுக்குள் போய்வந்தது. குடோன் வாசலில் சாயங்காலமானால் வண்டிகள் வரிசையில் நின்றன.

வரிசையைப் பார்த்துச் சேனாதிபதிக்கு ஆவல் வந்தது. தன் லாரியிலும் சீமை பல்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சுவரை ஒட்டி நின்றார். நல்லுசாமியை விளக்கைப் போடச் சொன்னார். வெளிச்சம் அவர் முழங்காலில் விழுந்தது.

“இதுவா சீமை லைட்டு? நேருக்கு நேரா நிக்கிறேன், கண்ணு கூசவே இல்லையே!”

“கூசக் கூடாதுன்னுதாங்க முதலாளி அப்படி வச்சிருக்கேன். டிரைவர் சீட்டுல ஏறி ஒக்காந்து பாருங்க, அப்பத்தான்...”

“நான் எதுக்குய்யா அங்க ஒக்காரணும்? சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கேன்ல? கழட்டு அந்தப் பல்பை.”

கழற்றிக் கையில் கொடுத்தார்கள். சேனாதிபதிக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரியில் இருக்கும் ஒவ்வொரு சாமானிலும், டிரைவர்கள் விற்றுவிடாமல் இருக்க, சிவப்புப் பெயின்டில் ‘சே’ என்று எழுதிவைப்பார். சாம்பலுக்கும் சோப்புக்கும் அசையாமல் பல்பின் பித்தளையில் அந்த எழுத்து அப்படியே இருந்தது.

“ஏன் பாய்,” என்றார் சேனாதிபதி நிதானமாக, “சீமையிலகூட எம் பேரை எழுதித்தான் பல்பு செய்றானுகளா?”

கூட்டம் சிரித்தது. ஒலியுல்லா ஒயர், துரு, கிண்ணம், சாய்மானம் எல்லாவற்றையும் அங்கேயே ஒப்பித்தார். வெளிச்சம் கூடியிருப்பது நிஜம், நல்லுசாமியைக் கேளுங்கள் என்றார். நல்லுசாமி முதலாளியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “முதலாளி பாத்தாச் சரிங்க” என்றார்.

“லைட்டைத் தூக்கி வை. எதிர்ல வர்றவன் சேனாதிபதி வண்டின்னு பயந்து ஒதுங்கணும்” என்று உத்தரவு ஆனது. ஒலியுல்லா விளக்கு மூஞ்சியை மறுபடி மரத்தைப் பார்க்க வைத்தார். ஒயர் கனமானதால் இப்போது வெளிச்சம் பழையதைவிட இரண்டு மடங்கு உறைப்பாக எதிராளி கண்ணில் போய்க் குத்தியது. அன்றைக்கு நின்ற அத்தனை பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

கடைக்குக் கூட்டம் வருவது நின்றுபோனது. சிலர் வந்து, தங்கள் பழைய பல்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அது உங்கள் வண்டியிலேயே இருக்கிறது என்று சொன்னால் நம்பவில்லை.

கார்த்திகை மாதம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். சேனாதிபதியின் கார் பழுதாகிக் கிடந்ததால், திரும்பும்போது முதல் முறையாகத் தன் லாரியில் ஏறினார். பாதி மலையில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. தூக்கி வைத்த வெளிச்சம் மஞ்சில் பட்டு அப்படியே திரும்பி வந்து, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டி உலர்த்திய மாதிரி நின்றது. சேனாதிபதி கண்ணைக் கசக்கினார். ரோடு, மரம், பள்ளம் ஒன்றும் தெரியவில்லை.

“நல்லுசாமி, உனக்கு ரோடு தெரியுதா?”

தெரியவில்லை என்றால், அது முதலாளி தூக்கி வைத்த லைட்டைக் குறை சொன்னதாகும். “நல்லாத் தெரியுதுங்க முதலாளி” என்றார் நல்லுசாமி. சொல்லும்போது அவர் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

“ஏலே, தலையை எதுக்கு வெளிய நீட்டுற?”

“சும்மா காத்து வாங்குறேங்க.”

சேனாதிபதி மனசுக்குள் கணக்குப் போட்டார். டிரைவருக்குத் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், பார்வை போய்விட்டது. நாற்பத்தாறு வயதில் குருடு. வழி நெடுக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் வெள்ளனே மதுரைக்குப் புறப்பட்டுப் போனார் கண் டாக்டரைப் பார்க்க.

அவர் தலை மறைந்ததும் நல்லுசாமி லாரியை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். “பாய், வெரசா எறக்கி வைங்க. இன்னொரு தடவை காத்து வாங்கினா நான் பள்ளத்துலதான்.”

“அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா என்னவாம்?”

“அன்னிக்கு எனக்கு சோலி முக்கியமாப் பட்டுச்சு பாய். இப்ப உசிரு.”

ஒலியுல்லா கூலி வாங்காமல் தாழ்த்தி வைத்தார். நாலாம் நாள் சேனாதிபதி மதுரையிலிருந்து மூக்குக் கண்ணாடியோடு வந்தார். பேப்பர் படிக்கும்போது மட்டும் போடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்த நாலு வார்த்தை அவர் காதில் விழவில்லை. அந்தச் சாயங்காலம் மலையேறுவதற்கு வத்தலக்குண்டில் தன் லாரியில் ஏறினார். அதே இடத்தில் அதே மஞ்சு. மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடிக்கு மேலே பார்த்தார். மைல் கல் தெரிந்தது. வாய்க்கால் ஓரம் தெரிந்தது. குறுக்கே ஓடிய முயல்கூடத் தெரிந்தது.

“தெரியுதுடா!” என்று கத்தினார். நல்லுசாமியும் சந்தோஷப்பட்டார். அன்று அவர் தலை உள்ளேயே இருந்தது.

அடுத்த வாரம் சேனாதிபதி தன் மூன்று டிரைவர்களையும் செலவு கொடுத்து மதுரைக்கு அனுப்பினார். டாக்டர் மூவருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பினார். முதலாளிக்கு இதைச் சொல்ல முடியுமா? திரும்பும் வழியில் திண்டுக்கல் கடைத்தெருவில் பவர் இல்லாத வெறும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். மற்ற இரண்டு லாரிகளையும் நல்லுசாமி சத்தமில்லாமல் ஒலியுல்லாவிடம் கொண்டுவந்து விட்டார். சேனாதிபதி வண்டிகள் வாய்க்காலில் விழாததைப் பார்த்து மற்ற முதலாளிகளும் தங்கள் டிரைவர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒலியுல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் குடோனுக்கே போய், “முதலாளி, கண்ணாடி இல்லங்க, லைட்டை எறக்கி வச்சேன், அதான்” என்று உண்மையைச் சொன்னார்.

சேனாதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தார். “பாய், நீங்க சீமை பல்பு வித்த ஆளு. ஒங்க பேச்சை நம்பி நான் கண்ணைக் கெடுத்துக்கவா?”

வீட்டுக்கு வந்து ஒலியுல்லா அன்று சோறு தின்னவில்லை. ஃபக்ருன்னிசா தட்டை மூடி வைத்துவிட்டு, “லைட்டு எறங்கியிருக்கா இல்லையா? அதைப் பாருங்க. பேரு யாருக்குப் போனா என்ன?” என்றாள். பேர் போனதில் தனக்கும் பங்கு உண்டு என்பதை அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் தொழில் மெல்ல மெல்லத் திரும்பியது. டிரைவர்கள் ஒளிந்து வந்து தாழ்த்திக்கொண்டு போனார்கள். முதலாளி பார்க்க வரும் நாளில் மட்டும் வந்து தூக்கிக்கொண்டும் போனார்கள். இரண்டுக்கும் கூலி உண்டு. எதிரே ஆள் வந்தால் டிம் சுவிட்சை மிதியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாங்கிய கூலிக்கு மேலாகவே அவர் பேசினார். அவர் பேச்சு நீளம் என்பதால் எல்லோரும் உடனே சரி என்றார்கள்.

அறுபத்தாறு வாக்கில் அவர் நாயுடுபுரத்துக்கு வீடு மாற்றிக்கொண்டார். அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு இருட்டில் நடந்தே வீட்டுக்குப் போவார். வெள்ளைத் தொப்பியும், ஒரு பக்கம் சாய்ந்த நடையும் தூரத்திலேயே டிரைவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். “பாய் வர்றாரு, மிதி!” என்று கிளீனர் கத்துவான். வெளிச்சம் பட்டென்று தாழும். லாரி அவரைத் தாண்டிப் பத்து கஜம் போனதும் மறுபடி வானத்துக்கு ஏறும். அதை அவர் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

“பாத்தியா?” என்பார் வீட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. “இன்னிக்கு ஆறு வண்டி எதிர்ல வந்துச்சு. ஒருத்தன்கூடக் கண்ணுல அடிக்கல. பத்து வருஷத்துல மலையே திருந்திருச்சு.”

ஃபக்ருன்னிசா முந்தின நாள்தான் அதே ரோட்டில், தங்கச்சி வீட்டிலிருந்து தனியாக வரும்போது, கண்ணைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை ஓரத்துப் புதரில் ஒதுங்கி நின்றாள். காலில் முள் குத்திய இடம் இன்னும் வலித்தது.

“ஆமாங்க, திருந்திருச்சு” என்று சொல்லிவிட்டுச் சோறு எடுத்துவைத்தாள்.